குழல் மாறினால் குறி மாறுமா?

சிங்கப்பூர்த் தீவின் கீழ்ப்பகுதியில் உள்ளது தெம்பனிஸ். அவ்வூருக்குப் பெயர் தந்தது தெம்பினிஸ் என்னும் மரமாகும். உறுதிமிக்க கட்டையையுடைய அம்மரங்கள் ஒரு காலத்தில் அங்கு ஓடிய ஆற்றங்கரையில் வளர்ந்திருந்தன. அதனால் ஆறு அப்பெயர் பெற்றது. ஆற்றினால் ஊர் பெயர் பெற்றது. 1828ஆம் ஆண்டின் பிராங்க்ளின், ஜாக்சன் நிலப்படத்திலேயே அப்பெயர் காணப்படுகின்றது. பின்னர் அந்நிலம் ரப்பர்த் தோட்டமாயிற்று, மணற்குழிகளும் தோன்றின. சிங்கப்பூர் தன்னாட்சி பெற்ற பின்னர், புதுநகரம் எழுவதற்கு முன், ஆயுதப்படையினர் போர்ப்பயிற்சி செய்த காடும் மேடும் அங்கேயே இருந்தன. 1967ஆம் ஆண்டு தேசிய சேவை சட்டமானபின் தமிழ் இளைஞர்களும் சீன, மலாய் இளைஞர்களுடன் தோளில் துப்பாக்கி தாங்கி அத்தகைய நிலங்களில் நடந்தனர்.

துப்பாக்கி தாங்கிய எவரும் முதலிற் கற்கும் பாடம் ஒன்று உண்டு. ஒருவர்க்குக் கொடுத்த துப்பாக்கி அவர்க்கே உரியது. அதன் குறியை அவரே சுட்டுப் பார்த்து நிலைப்படுத்திக்கொள்ளல் வேண்டும் என்பது அது. அவ்வாறு நிலைப்படுத்திய துப்பாக்கியின் குழலைக் கழற்றி வேறொரு குழலை மாட்டினால் அக்குறி நிற்குமா, நில்லாதா? ஒரே ஆலையில், ஒரே அளவில், ஒரே எஃகினால் செய்த இரு குழல்கள் ஒன்றுபோல் சுடுமா? இவ்வினா கருவிநூலார்க்கு மட்டும் உரியதாகத் தோன்றலாம். ஆயின் இதன் வரலாறு கடலூரையும் சிங்கப்பூரையும் தொட்டுச் செல்கின்றது; தமிழ் வீரர்கள் கையில் எத்தகைய கருவி கொடுக்கப்பட்டது என்னும் செய்தியும் இதனுள் அடங்கியுள்ளது.

வலம்புரியும் இடம்புரியும்

துப்பாக்கி என்னும் சொல் துருக்கியிலிருந்தும், பீரங்கி என்னும் சொல் ஐரோப்பியரைக் குறித்த ‘பரங்கி’ என்பதன் வழியாகவும் தமிழில் வந்தவை. குழல் என்பதோ நம் சொல். இசைக்கும் குழலுக்கும் எரியும் மருந்தைச் செலுத்தும் குழலுக்கும் தமிழில் ஒரே பெயர் அமைந்துள்ளது.

பழைய துப்பாக்கியின் குழல் உள்ளே வழுவழுப்பாக இருந்தது. உருண்டைக் குண்டு அதனுள் சற்றுத் தளர்ந்து கிடந்து, இருபக்கமும் மோதி வெளிவரும். கடைசியாக எப்பக்கம் மோதியதோ அதற்கேற்பச் சுழன்று, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு திசையில் விலகும். இக்குறையைப் போக்குவதற்குக் குழலின் உட்சுவரில் சுருளாக வரிப்பள்ளங்கள் வெட்டினர். குண்டு அவ்வரிகளைக் கவ்விக்கொண்டு, பம்பரம்போல் ஒரே அச்சில் சுழன்று செல்லும். சுழலும் பம்பரம் சாயாதது போலவே சுழலும் குண்டும் நெறி தவறாது. ரைபிள் என்னும் பெயர் இவ்வரிகளால் வந்தது. இம்முறுக்கைக் குறிக்கத் தமிழில் ‘புரி’ என்னும் சொல் பொருந்தும். சங்கில் வலம்புரி, இடம்புரி என வேறுபாடு கண்ட மொழிக்கு இது புதிதன்று. ஆங்கிலேயரின் லீ-என்பீல்டு ரைபிளின் குழல் இடம்புரி. அமெரிக்கரின் ஸ்பிரிங்பீல்டு வலம்புரி. லீ-என்பீல்டில் ஐந்து வரிகள். பத்து அங்குலத்திற்கு ஒரு சுற்று.

கடலூரில் மறைந்த கணித அறிஞர்

வரியிட்ட குழலின் பயனைக் கணிதத்தால் விளக்கிய முன்னோடி பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1707ஆம் ஆண்டு பாத் நகரில் பிறந்த இவர் 1742இல் பீரங்கி நூலின் புதிய நெறிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஊசல் ஒன்றில் குண்டைச் சுட்டு, ஊசல் பின்செல்லும் அளவினால் குண்டின் வேகத்தைக் கணக்கிடும் முறையைக் கண்டவர் இவரே. புகழ்மிக்க கணிதப் பேரறிஞர் ஆய்லர் அந்நூலை 1745இல் விளக்கக் குறிப்புகளுடன் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

ராபின்ஸ் செய்த சோதனைகளுள் ஒன்று ஈண்டுக் கருதத்தக்கது. துப்பாக்கிக் குழல் ஒன்றின் முனையை அவர் இடப்பக்கமாகச் சிறிது வளைத்தார். குண்டு இடப்பக்கமே செல்லும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். வழியில் மெல்லிய தாள்திரைகளை நிறுத்திச் சுட்டபோது, குண்டு முதலில் இடப்பக்கம் சென்று, பின்னர் வளைந்து வலப்பக்கம் விலகியது. வளைந்த குழலின் சுவரில் உருண்டு வந்ததால் குண்டு பெற்ற சுழற்சியே அதனைத் திருப்பியது என்று அவர் நிறுவினார். குழலில் உண்டாகும் சிறு மாறுதல் தொலைவில் எவ்வாறு பெரிதாகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

வரியிட்ட துப்பாக்கியின் இயல்பை முற்றும் உணர்ந்து அதனைப் படையில் புகுத்தும் நாடு பிற நாடுகளை விஞ்சி நிற்கும் என்று அவர் 1747இல் ராயல் சொசைட்டியில் எடுத்துரைத்தார். பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைக் கோட்டைகளைச் செப்பனிடும் தலைமைப் பொறியாளராக நியமித்தது. 1750ஆம் ஆண்டு கடலூரையடுத்த புனித டேவிட் கோட்டையில் வந்திறங்கிய ராபின்ஸ், அக்கோட்டைக்கும் சென்னைக் கோட்டைக்கும் அரண் அமைக்கும் பணியில் ஈடுபட்டு, காய்ச்சலால் நலிந்து, 1751 ஜூலை 29ஆம் நாள் அங்கேயே உயிர்நீத்தார். குழலும் குறியும் பற்றிய அறிவியலுக்கு அடிக்கல் நாட்டியவர் தமிழ்நாட்டுக் கடற்கரையில் மறைந்தார் என்பது பலரும் அறியாத செய்தி.

ஒத்த உறுப்புகள்

ராபின்ஸ் கூறியது நடைமுறைக்கு வர நூறாண்டு சென்றது. 1853ஆம் ஆண்டின் என்பீல்டு ரைபிள் ஆங்கிலப் படையின் பொதுக்கருவி ஆயிற்று. தொடக்கத்தில் அதன் உறுப்புகளைப் பல தொழிலாளர் கையால் அரவித் தேய்த்துப் பொருத்தினர். ஒரு துப்பாக்கியின் உறுப்பு மற்றொன்றிற் பொருந்தாது. குழல் பழுதுற்றால் புதுக்குழலை அத்துப்பாக்கிக்கென்றே இழைத்துப் பொருத்த வேண்டும். இந்நிலையை மாற்ற என்பீல்டு ஆலைக்கு அமெரிக்காவிலிருந்து இயந்திரங்கள் வந்தன. 1850களின் இறுதியில் எந்த உறுப்பையும் எடுத்து எந்தத் துப்பாக்கியிலும் மாட்டலாம் என்னும் நிலை ஏற்பட்டது.

ஆயின் உறுப்புகள் ஒத்திருப்பது ஒன்று. குறி ஒத்திருப்பது வேறொன்று. இவ்வேறுபாட்டை உணர்த்தியவர் மான்செஸ்டரின் ஜோசப் விட்வொர்த். திருகு மரைகளுக்கு 1841இல் பொது அளவு வகுத்தவர் அவரே. ரைபிள் செய்யும் இயந்திரங்களை அமைத்துத் தருமாறு அரசாங்கம் கேட்டபோது, நல்ல குழல் எது என்பதை முதலிற் கண்டறியாமல் இயந்திரம் அமைப்பதில் பயனில்லை என்பது அவர் கருத்தாயிற்று. தம் இல்லத்தருகே ஐந்நூறு கஜ நீளமுள்ள மூடிய கூடம் ஒன்று கட்டி ஆராய்ந்தார். இறுதியில் அறுகோண வடிவில், 20 அங்குலத்திற்கு ஒரு சுற்றாகப் புரியும் சிறிய துளைக் குழலைக் கண்டார். என்பீல்டின் புரியோ 78 அங்குலத்திற்கு ஒரு சுற்று.

1857இல் ஹைத் என்னும் இடத்தில் இரண்டையும் சோதித்தனர். ஐந்நூறு கஜத்தில் என்பீல்டின் சராசரி விலகல் 2.24 அடி; விட்வொர்த்தின் விலகல் 0.37 அடி. கட்டையும் மருந்தும் சுடுவோரும் எவ்வளவு சிறந்திருப்பினும் குழலே குறியின் உயிர் என்பது அன்று விளங்கிற்று. எனினும், விலை மிகுதி, சிறுதுளையில் கரி அடைதல் ஆகிய காரணங்களால் படை அதனை ஏற்கவில்லை. 1860இல் விம்பிள்டனில் நடந்த முதற் போட்டியை விக்டோரியா அரசி தாங்கியிற் பூட்டிய விட்வொர்த் ரைபிளைச் சுட்டுத் தொடங்கிவைத்தபோது, நானூறு கஜத்திலிருந்து குண்டு மையத்திலிருந்து ஒன்றரை அங்குல அளவிலேயே பட்டது.

வரியற்ற குழல்

இதே காலத்தில் இந்தியாவில் நேர்ந்தது குழல் மாற்றத்தின் மற்றொரு முகம். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சி புதிய என்பீல்டின் கொழுப்புத் தடவிய தோட்டாவை ஒட்டி மூண்டது என்பது யாவரும் அறிந்தது. கிளர்ச்சிக்குப்பின் நிகழ்ந்தது அத்துணை அறியப்படவில்லை. இந்தியச் சிப்பாய்களுக்கென்று தனித் துப்பாக்கி ஒன்று செய்தனர். கட்டையும் பூட்டும் தோற்றமும் என்பீல்டே. குழலின் உள்ளே மட்டும் வரிகள் இல்லை. முதலில் .577 அங்குலத் துளையை .656 ஆகக் குடைந்து வரிகளை அழித்தனர். பின்னர் வழுவழுப்பான குழலாகவே புதிதாகச் செய்தனர். தொலைவுக்கேற்ப உயர்த்தும் பின்குறிகாட்டியும் நீக்கப்பட்டது. வெளியே ஒரே துப்பாக்கி; உள்ளே நூறாண்டு பின்தங்கிய துப்பாக்கி.

குறி தவறாமை என்பது கருவியின் பண்பு மட்டுமன்று என்பதை இது காட்டுகின்றது. யாரை நம்பலாம், யாரை நம்பலாகாது என்று ஆள்வோர் வகுத்த எல்லையும் குழலுக்குள் வெட்டப்பட்டது. சிங்கப்பூரோ 1867 வரை இந்திய ஆட்சியின் கீழிருந்தது. இங்குக் காவல் புரிந்தவை சென்னைப் படைப்பிரிவுகள். அவர்கள் தங்கிய இடம் ‘சிப்பாய் லைன்ஸ்’ என்னும் பெயரால் இன்றும் நினைக்கப்படுகின்றது. 1854இல் இத்தீவின் ஐரோப்பியக் குடிகள் தொடங்கிய தொண்டர் படைக்கோ ‘ரைபிள்’ என்பதே பெயரில் அமைந்தது. ஒரே தீவில் அவர்கள் சங்கத்தின் பெயரிலேயே ரைபிள் இருந்த காலத்தில், இந்தியப் படைக்கு வழங்கும் குழலில் வரி இருக்கலாமா என்று கல்கத்தாவிலும் இலண்டனிலும் எண்ணிக்கொண்டிருந்தனர்.

எண்ணிட்ட போல்ட் தலைகள்

இருபதாம் நூற்றாண்டில் இந்திய வீரர் கையில் வந்தது .303 லீ-என்பீல்டு. வங்காளத்து ஈசாப்பூர் ஆலையிலும் அது செய்யப்பட்டது. குழல் மாற்றத்தின் நுட்பம் இதில் நன்கு புலனாகும்.

குழலின் பின்முனை மரையிட்டு உடற்பகுதியில் திருகப்படும். போல்ட் மூடியபின், அதன் முகத்திற்கும் தோட்டாவின் விளிம்பு தங்கும் இடத்திற்கும் உள்ள இடைவெளி மிகக் குறுகிய எல்லைக்குள் அமைய வேண்டும். லீ-என்பீல்டுக்கு அவ்வெல்லை 0.064 முதல் 0.074 அங்குலம்வரை, பத்தாயிரத்தில் நூறு பங்கு, அதாவது ஓர் அங்குலத்தின் நூற்றில் ஒரு பங்கே வேறுபடலாம். குறைந்தால் போல்ட் மூடாது; மிகுந்தால் தோட்டாவின் கூடு கிழிந்து சுடுவோர்க்கே தீங்கு நேரும். புதுக்குழலைத் திருகினால் இவ்விடைவெளி மாறும். ஆகவே நான்காம் எண் லீ-என்பீல்டுக்கு 0, 1, 2, 3 என எண்ணிட்டு, நீளம் சற்றே வேறுபட்ட போல்ட் தலைகளைச் செய்தனர். படைக்கருவித் தொழிலாளி அளவுகோலிட்டுப் பார்த்து ஏற்றதைத் தேர்ந்து மாட்டுவார். எந்த உறுப்பும் எதிலும் பொருந்தும் என்று பெருமை கொண்ட இயந்திர யுகமும் இவ்விடத்தில் கைத்தொழிலாளியின் கண்ணையும் விரலையும் நாடி நின்றது.

குழலைத் தாங்கும் மரக்கட்டை மற்றொரு தொல்லை. மழையும் ஈரமும் மிகுந்த மலாயாவில் மரம் ஊறிப் பருத்துக் குழலை ஒருபக்கம் அழுத்தும். உலர்ந்தால் அழுத்தம் தளரும். குறி அதற்கேற்ப நகரும். புதுக்குழல் பொருத்தும்போது கட்டையையும் மீண்டும் இழைத்து, சுட்டுப் பார்த்து, முன்குறிகாட்டியைத் தட்டி நகர்த்திச் சரிசெய்வர்.

1942 பிப்ரவரி 17ஆம் நாள், இன்றைய லிட்டில் இந்தியாவை அடுத்த பேரர் பார்க் திடலில் நாற்பதாயிரத்திற்கு மேற்பட்ட இந்திய வீரர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். பின்னர் எழுந்த இந்திய தேசிய இராணுவம் ஆங்கிலேயர் விட்டுச்சென்ற அதே .303 ரைபிள்களைக் கையாண்டது. 1943 அக்டோபரில் வாட்டர்லூ தெருவில் பயிற்சி முகாம் தொடங்கிய ஜான்சி ராணிப் படையில் தோட்டப்புறத் தமிழ்ப் பெண்கள் பலர் சேர்ந்தனர். எண்பது ஆண்டுக்குமுன் சிப்பாய்க்கு மறுக்கப்பட்ட வரியிட்ட குழல், பால் வெட்டிய கைகளுக்கு அன்று வந்து சேர்ந்தது.

குறிகாட்டி எங்கே இருப்பது?

களத்திலேயே குழல் மாற்றும் தேவை இயந்திரத் துப்பாக்கியால் வந்தது. இடைவிடாது சுட்டால் குழல் பழுக்கக் காயும், வரிகள் தேயும். செக்கோஸ்லோவாக்கியாவின் பிர்னோ நகர ஆலை அமைத்த வடிவத்தை ஆங்கிலேயர் ஏற்று, பிர்னோ, என்பீல்டு ஆகிய இருபெயரின் முதலெழுத்துகளைக் கூட்டி ‘பிரென்’ என்று பெயரிட்டனர். ஒரு நெம்பியைத் திருப்பிக் கைப்பிடியைப் பற்றினால் சூடேறிய குழல் கையோடு வரும்; மற்றொன்றை நொடியில் மாட்டலாம். இதன் முன்குறிகாட்டி குழலின்மேலேயே அமைந்தது. ஆகவே ஒவ்வொரு குழலையும் முன்னரே சுட்டு, அதனதன் முன்குறிகாட்டியைத் தனித்தனியே சரிசெய்துவைக்க முடிந்தது. குழல் மாறும்போது அதன் திருத்தமும் அதனோடு வந்தது.

பெரும் பீரங்கிக்கும் இதே சிக்கல் உண்டு. தெம்பனிஸுக்கு அண்மையில், சாங்கியில், ஜொகூர் சுல்தான் அளித்த நன்கொடையின் நினைவாக ஜொகூர் பீரங்கித் தளம் எனப் பெயர்பெற்ற இடத்தில் 15 அங்குலப் பீரங்கிகள் மூன்று நின்றன. 1942இல் சரணடைவதற்குமுன் ஆங்கிலேயரே அவற்றைத் தகர்த்தனர். அதன் நிலவறைகள் 1991இல் மீண்டும் கண்டறியப்பட்டன. பின்னர் அங்கு மாதிரிப் பீரங்கி ஒன்று நிறுவப்பட்டது. இத்தகைய பீரங்கியின் உட்குழல் ஒவ்வொரு வெடிக்கும் தேயும். குண்டின் வேகம் குறையும். எத்தனை முறை சுட்டது என்று குழல்தோறும் கணக்கெழுதி, தேய்மானத்திற்கேற்பத் தொலைவைத் திருத்துவர். தேய்ந்தபின் உட்குழலை மாற்றினால் பழைய கணக்கை விடுத்துப் புதுக்கணக்குத் தொடங்க வேண்டும்.

சிங்கப்பூரே கருவி செய்யத் தொடங்கியது 1967இல் நிறுவப்பட்ட சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தால். முதலில் உரிமம் பெற்று எம்16 ரைபிளைச் செய்த அந்நிறுவனம், அமெரிக்க வல்லுநர் ஜேம்ஸ் சலிவனின் துணையோடு அல்டிமேக்ஸ் 100 என்னும் இலகு இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கியது. அதன் இரண்டாம் வகையில் குழல் நிலையாகப் பூட்டப்பட்டது. மூன்றாம் வகையில் விரைந்து மாற்றத்தக்கது. நிலைத்த குழலா, மாறும் குழலா என்னும் பழைய வினா இத்தீவின் ஆலையிலும் எழுந்து, இருவகை விடையும் பெற்றது.

நுண்குறி ரைபிளின் நிலை

படைத்துப்பாக்கிக்கு மனிதனளவு இலக்கில் பட்டாற் போதும். நுண்குறி ரைபிளுக்கு அது போதாது. 300 மீட்டர்ப் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 100 மில்லிமீட்டர். 50 மீட்டர்ப் போட்டியில் 10.4 மில்லிமீட்டர். 2014ஆம் ஆண்டு கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் சிங்கப்பூரின் ஜாஸ்மின் செர் தங்கம் வென்றது இச்சிறு வட்டத்தை நோக்கிச் சுட்டே.

600 மில்லிமீட்டர் நீளமுள்ள குழலைக் கழற்றி மாட்டும்போது அதன் முனை ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு சாய்ந்ததெனக் கொள்வோம். 300 மீட்டரில் அது 50 மில்லிமீட்டர் ஆகும். நடுப்புள்ளியை நோக்கிய குண்டு பத்து வட்டத்தின் விளிம்பில் விழும். அடிப்பகுதியில் ஒட்டிய தூசி, ஈரக்காற்றில் படிந்த துரு, ஒருமுறை இறுக்கியதைவிட மறுமுறை மிகுதியாக இறுக்கியது ஆகியவற்றில் ஒன்றே இச்சாய்வுக்குப் போதும். ஆகவேதான் பொருந்தும் முகங்களைத் துடைத்து, ஒவ்வொரு முறையும் ஒரே முறுக்கு விசையால் இறுக்குவதைத் தேர்ந்தோர் வற்புறுத்துவர்.

இங்கு இருவகைக் குறைகளைப் பிரித்தறிய வேண்டும். குண்டுகள் ஒன்றோடொன்று நெருங்கி விழுந்து, கூட்டம் முழுவதும் ஒருபக்கம் நகர்ந்திருப்பது ஒன்று; கூட்டமே சிதறுவது மற்றொன்று. முன்னதைக் குறிகாட்டியைத் திருப்பிச் சரிசெய்யலாம். பின்னது குழலின் தன்மையையும், குழலுக்கும் தோட்டாவுக்கும் உள்ள பொருத்தத்தையும் சார்ந்தது, எத்திருகாலும் தீராது. ஒரு குழல் விரும்பும் தோட்டாவை மற்றொரு குழல் விரும்பாது.

மேலும், மூன்று குண்டு சுட்டுப் பார்த்துக் குறி நகர்ந்துவிட்டது என்று முடிவு செய்வது பெரும்பாலும் அவசரமே. ஒரு குண்டின் இயல்பான சிதறல் 20 மில்லிமீட்டர் எனின், நான்கு குண்டுகளின் நடுவிடத்தில் 10 மில்லிமீட்டர் ஐயம் எஞ்சும். பதினாறு சுட்டால் ஐயம் 5 ஆகும். குழல் மாற்றத்தின்மேல் சுமத்தப்படும் பழிகளுள் பல இவ்வாறு எண்ணிக்கைக் குறைவால் எழுந்தவை.

கருவியாளர் கண்ட தீர்வுகள் இரண்டு. 1993இல் வந்த ஜெர்மானிய பிளேசர் ஆர்93 ரைபிளில் தொலைநோக்கிக் குறிகாட்டியைக் குழலின்மேலேயே அமர்த்தினர். குழல் மாறினால் அதற்குரிய குறிகாட்டியும் உடன் மாறும். பிரென் துப்பாக்கியின் பழைய அறிவே இது. வேறு சில நுண்குறி ரைபிள்களில் குறிகாட்டி உடற்பகுதியில் நிற்கும்; குழலுக்குக் குழல் உண்டாகும் நகர்வை ஒருமுறை அளந்து எழுதிவைத்து, மாற்றுந்தோறும் அவ்வளவே திருப்பிக்கொள்வர். முதல் வழியில் திருத்தம் கருவியோடு செல்கின்றது. இரண்டாம் வழியில் ஏட்டோடு செல்கின்றது.

நாகசுரக் கலைஞர் சீவாளி மாற்றியதும் நேரே கச்சேரியைத் தொடங்குவதில்லை. ஊதிப் பார்த்துச் சுருதி கூட்டிய பின்னரே தொடங்குவார். சீவாளி நல்லதா என்னும் ஐயத்தால் அவர் அவ்வாறு செய்வதில்லை. நல்ல சீவாளிகளும் தம்முள் வேறுபடும் என அறிந்தே செய்கின்றார். குழலுக்கும் அதுவே முறை. குழல் மாறினால் குறி மாறும். எவ்வளவு மாறும் என்பதை அளந்தறிந்தவர்க்கு அம்மாற்றத்தால் இழப்பில்லை. வரியை அழித்து ஒரு தலைமுறையின் குறியைக் கெடுத்தவர்களும், போல்ட் தலைக்கு எண்ணிட்டுக் குறியைக் காத்தவர்களும் ஒரே உண்மையை அறிந்திருந்தனர்: வெளித்தோற்றத்தில் ஒன்றாகவே இருக்கும் துப்பாக்கியின் தகுதியை முடிவு செய்வது கண்ணுக்குத் தெரியாத உட்குழலே.